பம்ப்செட் ஓடும் ஊரில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்பதைத்தான். அடுத்த கேள்வி பிராசஸரைப் பற்றியதாக இருக்கும். மானிட்டர், எஸ்எம்பிஎஸ் (சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி), யுபிஎஸ் ஆகியவை கையில் மிஞ்சும் பணத்தில் வந்து சேரும். பாபநாசம் வட்டத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கும் என் அக்காவின் மகனுக்குக் கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுத்தபோது, இந்த வரிசையை நாங்கள் தலைகீழாக மாற்றினோம். அவன் எந்தத் திரையில் எதை விளையாடப் போகிறான் என்பதையும், அந்த வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் எப்படிப்பட்ட கரண்ட் வருகிறது என்பதையும் முதலில் தீர்மானித்துவிட்டு, நடுவில் இருக்கும் பாகங்களைக் கடைசியாகத் தேர்ந்தெடுத்தோம். டெல்டா கிராமங்களில் பணத்தைப் பிரித்துப் போடுவதற்கு இந்த வரிசைதான் சரி என்பது என் கருத்து.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2023இல் சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, தொகை வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் அக்கா எனக்குப் போன் செய்தாள். எல்லாம் சேர்த்து 75,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது அவள் வைத்த வரம்பு. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே மருமகன் என்னிடம், “மாமா, இப்போ பிராசஸர் மட்டும் வாங்கி வச்சுக்கிறேன், மத்ததை அறுப்பு முடிஞ்சதும் பாத்துக்கலாம்” என்று கேட்டிருந்தான். கிராமத்து வீடுகளில் கைக்குக் காசு வரும்போதெல்லாம் ஒரு பொருளாகச் சேர்ப்பது வழக்கம்தான் என்றாலும், கம்ப்யூட்டர் பாகங்களுக்கு அது ஒத்துவராது. வாரண்டி பில் போட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறது. பொருளில் குறை இருந்தால் மாற்றித் தரும் காலம் அதைவிடச் சிறியது. மதர்போர்டு இல்லாமல் பிராசஸரைச் சோதிக்க வழியே இல்லை. பெட்டியைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கும் பாகம் ஒவ்வொரு மாதமும் விலையையும் வாரண்டியையும் இழந்துகொண்டிருக்கும். ஆகவே முழுப் பணமும் சேரும் வரை பொறுத்திருந்து, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வாங்கி, ஒரே நாளில் பூட்டிச் சோதித்துவிடுவதே நல்லது.

இரண்டு தவணையாகத்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி போல, உள்ளேயே கிராபிக்ஸ் உடைய பிராசஸரை வாங்கி எளிய விளையாட்டுகளை ஆடிக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த அறுவடையில் கிராபிக்ஸ் கார்டு சேர்க்கலாம். ஆனால் 5600ஜியின் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பிதான். சாதாரண 5600இல் அது 32 எம்பி. மேலும் கிராபிக்ஸ் கார்டு இணையும் பாதையான பிசிஐஇயில், 5600ஜி பழைய 3.0 தலைமுறை வரையே தரும். எனவே பின்னால் அதே கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தினாலும் 5600 தரும் வேகம் அதில் கிடைக்காது. இது தெரிந்து எடுக்கும் முடிவாக இருந்தால் அதில் தவறில்லை.

இனி திரை. மருமகனிடம் விளையாட்டுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். வேலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக், ஜிடிஏ 5, இவை போக எப்போதாவது ஒரு புதிய பெரிய விளையாட்டு என்பதுதான் அவன் பட்டியல். முதல் இரண்டும் கிராபிக்ஸ் கார்டை அதிகம் வருத்துவதில்லை. அவற்றில் நொடிக்கு எத்தனை படம் (பிரேம்) வரும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிராசஸர்தான். ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்தது 2015இல் என்பதால், இன்றைய நடுத்தரக் கார்டுக்கு அது சுமையே இல்லை. இந்தப் பட்டியலுக்கு 24 அங்குல, 1080பி (1920 × 1080 புள்ளிகள்), 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாற்றுவது) அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட மானிட்டர் போதும். அவனுக்கு 1440பி திரையின் மேல் ஒரு கண் இருந்தது. 1440பி திரையில் உள்ள புள்ளிகள் 1080பியில் உள்ளவற்றைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு; அவ்வளவு புள்ளிகளையும் நொடிக்கு நூறு முறைக்கு மேல் வரைந்து தரும் கார்டு எங்கள் வரம்பில் இல்லை. இந்தக் கணக்கைக் காட்டியதும் அவனே விட்டுவிட்டான். மாறாக, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் மிச்சம் பிடித்து அந்தப் பணத்தைக் கார்டில் போடுவதையும் நான் ஏற்பதில்லை. கார்டு 150 பிரேம் தந்தாலும் திரை காட்டப்போவது 60தான். கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் சிங்க் உள்ள மானிட்டராக எடுத்தால், பெரிய விளையாட்டுகளில் பிரேம் எண்ணிக்கை குறையும்போதும் படம் கிழிந்து தெரியாது.

மறுமுனையில் இருக்கும் சுவரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பாகப் பட்டியல்களை எழுதுபவர்கள் 230 வோல்ட் சீராக வரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அக்காவின் ஊரில், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்கு முன்பே போர்வெல் தண்ணீரை வைத்துக் குறுவைக்கு நாற்று விட்டுவிடுவார்கள். சுற்றியுள்ள பம்ப்செட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கினால், மாலை நேரத்தில் வீட்டு மின்விசிறி சோம்பிச் சுற்றும். பழைய டியூப்லைட் எரிய மறுக்கும். மல்டிமீட்டரை பிளக்கில் வைத்துப் பார்த்தபோது 170 வோல்ட்டைத் தொட்டும் தொடாமலும் எண் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு பம்ப்செட்டுகள் ஒரே நேரத்தில் நின்றால் வோல்டேஜ் சட்டென்று மேலே ஏறும். கம்ப்யூட்டருக்கு ஆபத்து தாழ்ந்த வோல்டேஜை விட இந்த ஏற்ற இறக்கத்தில்தான் அதிகம்.

நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற அமைப்பு இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்று வேலை செய்யும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் ‘இன்புட்’ என்ற வரியைப் படித்தால் இது தெரிந்துவிடும். மலிவானவற்றில் 200 முதல் 240 வோல்ட் என்றோ, வெறும் 230 வோல்ட் என்றோ போட்டிருப்பார்கள். அப்படிப்பட்டது எங்கள் ஊர் மாலை நேரத்தில் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்து எழுப்பும். அல்லது ஒரு நாள் தன்னோடு மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போகும்.

திருச்சியில் நாங்கள் பாகங்கள் வாங்கிய கடையில், கேபினெட்டோடு சேர்த்தே ஒரு எஸ்எம்பிஎஸ்ஸைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். “சார், இதுவும் 500 வாட்ஸ்தான், எதுக்கு வீணா நாலாயிரம் போடுறீங்க?” என்றார் கடைக்காரர். இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒன்று வெறும் தகரப் பெட்டியைப் போல லேசாக இருந்தது. மற்றது கையை இழுத்தது. எடை மட்டும் தரத்துக்குச் சான்றாகாது என்பதால் ஸ்டிக்கரைப் படித்தோம். லேசான பெட்டியில் 500 வாட் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே சிறிய கட்டத்தில் 12 வோல்ட் வரிசைக்கு 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். 12ஐயும் 16ஐயும் பெருக்கினால் 192 வாட். அந்த 500க்கு உண்மையான பொருள் இவ்வளவுதான். கார்டுக்குத் தேவையான 8 முனை கேபிள்கூட அதில் இல்லை. மற்றதில் 12 வோல்ட் வரிசை மட்டுமே 500 வாட்டைத் தாண்டியது. பெருக்கிக் காட்டியதும் கடைக்காரர் சிரித்துக்கொண்டே நல்லதை பில்லில் ஏற்றினார். 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை: பாதிச் சுமையில் குறைந்தது 85 சதவீதத் திறன் உண்டு என்பதற்குத்தான் அது சான்று, உள்ளே பாதுகாப்பு அமைப்புகள் ஒழுங்காக இருக்கின்றன என்பதற்குச் சான்று ஆகாது. வாரண்டி எத்தனை ஆண்டு என்பது என்னைப் பொறுத்தவரை அதைவிட நம்பத்தக்க அடையாளம்.

அக்கா வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்ததால் தனியாக யுபிஎஸ் எதற்கு என்ற கேள்வி வந்தது. இன்வெர்ட்டரில் சாதாரண நிலை, யுபிஎஸ் நிலை என இரண்டு உண்டு. சாதாரண நிலையில் கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற அது எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடக்கூடும். யுபிஎஸ் நிலையில் மாற்றம் வேகமாக நடக்கும். ஆனால் அது ஏற்கும் வோல்டேஜ் எல்லை குறுகலானது என்பதால், லோ வோல்டேஜ் மாலைகளில் கரண்ட் இருக்கும்போதே வீடு முழுவதும் பேட்டரியில் ஓடும். நடுவில் உண்மையாகவே கரண்ட் போகும்போது பேட்டரியும் காலியாகியிருக்கும். ஆகவே கம்ப்யூட்டருக்கென்று ஏவிஆர் (வோல்டேஜைத் தானே சீராக்கும் அமைப்பு) உள்ள லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் ஒன்றை வைத்தோம். வோல்டேஜ் இறங்கும்போது அதன் உள்ளே ரிலே ‘டிக்’ என்று தட்டி, பேட்டரியைத் தொடாமலேயே வோல்டேஜை உயர்த்திக்கொள்கிறது. 600 விஏ என்று போட்டிருக்கும் பல யுபிஎஸ்கள் உண்மையில் தாங்குவது 360 வாட்தான். எங்கள் கணக்கில் கம்ப்யூட்டரும் மானிட்டரும் விளையாடும்போது 300 வாட்டை நெருங்கும் என்பதால், 1000 விஏ எடுத்தோம். பேட்டரியில் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். சேமித்துவிட்டு முறையாக அணைக்க அது போதும். ஆட்டத்தைத் தொடர்வதற்காக அல்ல என்பதை மருமகனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எர்த் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். கம்ப்யூட்டரைப் பூட்டி முதன்முதலாக ஆன் செய்தபோது, கேபினெட்டின் ஓரத்தை வெறுங்காலோடு நின்று தொட்ட மருமகனுக்குக் கை சுருக்கென்றது. பயந்துபோய், பாகம் ஏதோ பழுது என்றான். பழுது எதுவும் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் உள்ள கெப்பாசிட்டர்கள் சிறு கசிவு மின்சாரத்தை எர்த் கம்பி வழியாக வெளியேற்றும்படி அமைக்கப்பட்டவை. பிளக்கில் மூன்றாவது துளை இருந்தும் அதற்குப் பின்னால் கம்பி இணைக்கப்படாவிட்டால், கேபினெட் முழுவதும் அந்த மின்சாரம் நிற்கும். பழைய வீடுகளில் இது சர்வ சாதாரணம். எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் குழியைச் சரிசெய்து, அறை வரைக்கும் கம்பி இழுத்தோம். டெல்டாவின் களிமண் மழைக்காலத்தில் நன்றாக எர்த் தரும்; கோடையில் வெடிப்பு விட்டுக் காய்ந்துவிடுவதால், குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்தச் செலவு எந்தப் பாகப் பட்டியலிலும் இருப்பதில்லை. வரம்பைப் போடும்போதே சில ஆயிரங்களை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு முனைகளும் முடிவானபின் நடுப்பாகங்கள் தாமாகவே அமைந்துவிட்டன. 1080பி திரைக்கும் மிதமான மின்செலவுக்கும் பொருத்தமாக, 8 ஜிபி நினைவகம் கொண்ட ரேடியான் ஆர்எக்ஸ் 6600ஐத் தேர்ந்தெடுத்தோம். அது இழுப்பது 132 வாட். அப்போது அதே விலைச் சுற்றில் கிடைத்த ஆர்டிஎக்ஸ் 3050, மின்செலவில் அதற்குச் சமமாக இருந்தும் வேகத்தில் பின்தங்கியது. ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி இருந்தது. ஆனால் அது 170 வாட் கேட்டதோடு விலையும் எங்களுக்கு எட்டவில்லை. 6600ஐ விடக் கீழே இறங்கி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்குவதை நான் தடுத்தேன். 4 ஜிபி நினைவகமும், பிசிஐஇயில் 4 தடங்கள் மட்டுமே என்ற அமைப்பும் சேர்ந்து, பிசிஐஇ 3.0 போர்டுகளில் அதை இன்னும் மெதுவாக்கிவிடும். விளையாடுவதைப் பதிவு செய்யத் தேவையான வீடியோ என்கோடரும் அதில் கிடையாது.

பிராசஸருக்கு ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட் வகை. பெட்டியிலேயே கூலர் வருகிறது. இன்டெல்லின் கோர் ஐ3-12100எஃப் விலை குறைவாக இருந்தது, வேலரன்ட்டுக்கு அதுவே தாராளம்; ஆனால் நான்கு கோர் மட்டும் உள்ள பிராசஸரைக் கல்லூரிப் படிப்புக்கும் சேர்த்துப் பல ஆண்டுகள் ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பிராசஸர் உட்காரும் ஏஎம்4 என்ற சாக்கெட் உள்ள மதர்போர்டுகள் 2016 முதல் சந்தையில் இருப்பதால் விலை இறங்கியிருந்தன. அதிலேயே பின்னால் 5800எக்ஸ்3டி போன்ற பெரிய பிராசஸரைப் பொருத்தவும் இடமுண்டு. முந்தைய தலைமுறை பி450 போர்டு இன்னும் மலிவாகக் கிடைத்தாலும், பழைய ஸ்டாக்கில் பயாஸைப் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளை) புதுப்பிக்காமல் 5600 வேலை செய்யாது. எந்த போர்டு எடுத்தாலும் கடையிலேயே பிராசஸரையும் ரேமையும் கார்டையும் மாட்டி, திரையில் பயாஸ் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கிராமத்துக்கு எடுத்துப்போன பிறகு, பயாஸைப் புதுப்பிக்க வேறொரு பிராசஸரைத் தேடி அலைய முடியாது.

ரேமைப் பொறுத்தவரை 8 ஜிபி இரண்டு, டிடிஆர்4 வகை, 3200 வேகம். கடைகளில் 16 ஜிபி ஒன்றாகக் கொடுத்து, “பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம் சார்” என்பார்கள். ஒற்றை ரேமில் தரவுப் பாதை பாதியாகிவிடும். விளையாட்டுகளில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். 5600ஜி போன்றவற்றில் கிராபிக்ஸும் அதே ரேமைப் பயன்படுத்துவதால் இழப்பு இன்னும் அதிகம். சேமிப்புக்கு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டோம். பெரிய விளையாட்டுகள் மூன்று நான்கு ஏற்றினால் நிறைந்துவிடும் என்பது தெரிந்தேதான் எடுத்தோம். போர்டில் இந்த எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 இடம் இன்னொன்றும் இருந்ததால் சேமிப்பைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம்.

அன்று கணக்கு ஏறத்தாழ இப்படி நின்றது: கார்டு 23,000, பிராசஸர் 13,000, மதர்போர்டு 8,500, ரேம் 4,000, எஸ்எஸ்டி 3,500, எஸ்எம்பிஎஸ் 4,500, கேபினெட் 3,500, மானிட்டர் 11,000, யுபிஎஸ் 5,000. ஆயிரம் ரூபாய் கூடிப்போனதை அக்கா பெரிதுபடுத்தவில்லை. இந்த விலைகளை இன்று அப்படியே நம்ப வேண்டாம். ஏஐ சர்வர்களுக்காகச் சிப் நிறுவனங்கள் உற்பத்தியைத் திருப்பியதால், 2025இன் இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. விகிதத்தை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்: மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கார்டுக்கும், எட்டில் ஒரு பங்கு எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் இரண்டுக்குமாகச் சேர்த்தும் போனது.

கேபினெட்டில் விளக்குகளின் அழகைப் பார்க்காமல், முன்பக்கம் வலை உள்ளதா, அந்த வலையைக் கழற்றிக் கழுவ முடியுமா என்று பார்த்தோம். அறுவடை இயந்திரம் பக்கத்து வயலில் ஓடும் நாட்களில் எழும் தூசு வீட்டுக்குள் எங்கும் படியும். முகப்பில் கண்ணாடி மூடிய கேபினெட்டுகள் பார்க்க நன்றாக இருந்தாலும், சித்திரை வெயிலில் உள்ளே காற்றில்லாமல் திணறும். இன்னொன்று, கார்டைப் பொருத்தும்போது கழற்றும் பின்பக்கத் தகர மூடிகளில் தேவையில்லாததைக் கழற்றாதீர்கள். கழற்றியவற்றைத் தூக்கி எறியவும் வேண்டாம். அந்த இடைவெளி பல்லி நுழையப் போதும். கதகதப்பான மதர்போர்டின் மேல் அது படுத்தால் என்ன ஆகும் என்பதை, தெரிந்தவர் ஒருவரின் கம்ப்யூட்டரைத் திறந்தபோது பார்த்திருக்கிறேன்.

பழைய கார்டு வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் (கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும்) முறையைக் கைவிட்டபின், அதற்கென்று ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் ஆர்எக்ஸ் 580 போன்றது 185 வாட் இழுக்கும். விலையில் மிஞ்சியதை எஸ்எம்பிஎஸ்ஸிலும் யுபிஎஸ்ஸிலும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடிய கார்டு என்றால், திருகுகளிலும் பின்புற இணைப்புத் தகட்டிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்; உப்புக்காற்று முதலில் அங்கேதான் தன் வேலையைக் காட்டும். நேரில் அரை மணி நேரமாவது பளுச் சோதனை ஓட்டிப் பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

பூட்டி முடித்தபின் கவனிக்க வேண்டியவை சில. 5600இன் உள்ளே கிராபிக்ஸ் இல்லாததால், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் படமே வராது. கார்டில்தான் செருக வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்துக்கு ஏற்றும் அமைப்பை) இயக்காவிட்டால் 3200 ரேம் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடும். விண்டோஸ் பல சமயங்களில் 144 ஹெர்ட்ஸ் திரையை 60இல் வைத்துவிடும். டிஸ்ப்ளே அமைப்பில் போய் மாற்ற வேண்டும். விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகள் தேவை. ஏஎம்4 போர்டுகளின் பயாஸில் இரண்டும் உண்டு. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் தனித்தனியாக எழுதச் சொல்லி, அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். கார்டின் பெட்டியையும் உள்ளிருந்த பஞ்சையும் அக்கா பரணில் வைத்திருக்கிறாள். வாரண்டிக்காகத் திருச்சிக்கோ சென்னைக்கோ கூரியரில் அனுப்ப நேர்ந்தால் அதில்தான் அனுப்ப வேண்டும்.